எட்டாவது மகன்

(வானொலி மறையுரை. தவக்காலம் நான்காம் ஞாயிறு, முதல் ஆண்டு. வாசகம்: 1 சாமுவேல் 16)



எங்கள் சோளக்காட்டுச் சந்தைக்குப் பலாப்பழம் வாங்க வரும் வியாபாரி, நிறத்தை மட்டும் பார்த்து விலை பேசமாட்டார். விரலால் தட்டுவார், காது கொடுத்துக் கேட்பார், முகர்ந்து பார்ப்பார். கெட்டிக்காரர்தான். ஆனாலும் சந்தைக்கு வந்து சேர்ந்த பழத்தைத்தான் அவரால் தட்டிப் பார்க்க முடியும். மரத்தில் தொங்குகிற பழம் அவர் கணக்கிலேயே வராது.

இன்றைய முதல் வாசகத்தில் இறைவாக்கினர் சாமுவேலுக்கும் ஏறக்குறைய இதே நிலைமைதான். அரசராக ஒருவரை அருள்பொழிவு செய்ய அவர் பெத்லகேமுக்கு வருகிறார். ஈசாய் தம் புதல்வர்களை ஒவ்வொருவராக நிறுத்துகிறார். மூத்தவர் எலியாபு நல்ல உயரம். சாமுவேல் உள்ளுக்குள் முடிவே செய்துவிட்டார். ஆண்டவர் தடுக்கிறார், தோற்றத்தையும் உயரத்தையும் பாராதே என்கிறார். ஏழு பேர் கடந்துபோகிறார்கள், ஒருவரும் இல்லை. பிள்ளைகள் இவ்வளவு பேர்தானா என்று சாமுவேல் கேட்கிறார். இளையவன் ஒருவன் ஆடு மேய்க்கிறான் என்கிறார் ஈசாய். பெற்ற தகப்பனே அவனைப் பட்டியலில் சேர்க்கவில்லை, பார்த்தீர்களா! அவன் வந்து சேரும்வரை பந்தியில் அமரமாட்டோம் என்று சாமுவேல் சொல்லிவிடுகிறார். (தோற்றத்தைப் பாராதே என்று சொன்ன அதே அதிகாரம், தாவீது அழகானவர், ஒளிரும் கண்கள் உடையவர் என்றும் சொல்லிவைக்கிறது. எழுதியவருக்கும் கண் இருந்திருக்கிறது.)

ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கும் இந்த வேலையை இன்று சம்பளத்துக்குச் செய்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் அவர்களுக்கு ‘ஸ்கவுட்’ என்று பெயர். 1965 முதல் அங்கே தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் கூடி, பள்ளி, கல்லூரிகளில் ஆடும் இளைஞர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. அதற்கு முந்தைய மாதங்களில் ஸ்கவுட்டுகள் ஊர் ஊராகப் போய், பந்தின் வேகத்தை அளக்கும் கருவியோடு மைதானங்களில் உட்கார்ந்திருப்பார்கள். வீச்சு, அடி, ஓட்டம் எல்லாவற்றுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் உண்டு.

1988இல் மைக் பியாசா என்ற இளைஞரின் பெயர் 62ஆவது சுற்றில், 1390ஆவது பெயராக வந்தது. அதுவும் எப்படி? டாட்ஜர்ஸ் அணியின் மேலாளர் டாமி லசோர்டா அவருடைய அப்பாவின் நண்பர். நண்பருக்காகச் செய்த உதவி. அந்தப் பியாசா 2016இல் அந்த ஆட்டத்தின் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றார். இப்போது 20 சுற்றுகளோடு தேர்வை முடித்துவிடுகிறார்கள். இன்றைக்கு என்றால் அவர் பெயரை யாரும் வாசித்திருக்கமாட்டார்கள்.

நம் நாட்டுக்கும் அப்படித் தேடி வந்தார்கள். 2008இல் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற போட்டியில், வேகமாகப் பந்து எறியக்கூடிய இளைஞர்களைக் கருவி வைத்து அளந்தார்கள். உத்தரப் பிரதேசத்தின் ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரும் தேர்வானார்கள். ஈட்டி எறிந்து பழகியவர்கள். பேஸ்பால் ஆடியதே இல்லை. அந்த ஆண்டே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அவர்களை ஒப்பந்தம் செய்தது. இந்தக் கதையை டிஸ்னி நிறுவனம் 2014இல் படமாக எடுத்தது. இசை நம் ஏ.ஆர். ரகுமான். படம் அந்த வெற்றியோடு முடிகிறது, ஆனால் பிள்ளைகளின் வாழ்க்கை அதற்குப் பிறகும் இருந்தது. தினேஷை 2010இல் அணி விடுவித்தது. ரிங்கு காயங்களோடு பல ஆண்டுகள் போராடியும் முதல்நிலை அணியை எட்டவில்லை. பிறகு தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார். அளவுக்கருவி பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது ஒரு கையின் வேகம் மட்டும்.

நம் பக்கத்து மாவட்டத்துக்கு வருவோம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனை உங்களுக்குத் தெரியும். அப்பா நெசவுத் தொழிலாளி, அம்மா சாலையோரம் கடை வைத்திருந்தவர். டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த அந்தப் பையனை முதலில் பார்த்தவர் எந்த அணியின் ஸ்கவுட்டும் அல்ல. அதே ஊர்க்காரரான ஜெயபிரகாஷ். அவர்தான் சென்னைக்கு அனுப்பிவைத்தார். 2015இல் ரஞ்சிக் கோப்பையில் ஆடியதும், பந்து வீசும் முறை ஐயத்துக்குரியது என்று புகார் வந்தது. கை வீச்சைத் திருத்தி மறுபடி தொடங்கினார். 2017 ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்குப் பஞ்சாப் அணி எடுத்தது. ஊரே கொண்டாடியது. மறு ஆண்டு ஐதராபாத் அணி 40 லட்சத்துக்கு எடுத்தது. 2018, 2019 இரண்டு பருவத்திலும் ஒரு போட்டியில்கூட இறக்கவில்லை. பயிற்சியில் பந்து வீசுவதற்காக ஆஸ்திரேலியா போனவர், 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலுமாக, ஒரே பயணத்தில் இந்தியாவுக்காக மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். பிறகு சொந்த ஊரிலேயே ஒரு மைதானம் அமைத்தார்.

நான் ஜெயபிரகாஷைத்தான் அதிகம் நினைத்துப் பார்க்கிறேன். ஊருக்குள்ளேயே ஒருவர் கண் திறந்து பார்த்தார், கூடவே நின்றார். நம் மலையிலும் ஒரு தகப்பன் என்னிடம் கேட்டார்: “சாமி, எம்பையன் கல்லு எறிஞ்சா அந்தப் பக்கத்துக் காட்டுல போய் விழும். யாரு வந்து பாக்கப் போறா?” வல்வில் ஓரிக்குச் செம்மேட்டில் சிலை வைத்திருக்கும் மலையில் இப்படி ஒரு கேள்வி! 70 கொண்டை ஊசி வளைவு ஏறி எந்த ஸ்கவுட் வருவார் என்று காத்திருப்பதற்கு முன்னால், பள்ளிக்கூட ஆசிரியரும் பங்குத்தந்தையும் அந்தப் பையனை ஒருநாள் நின்று பார்க்கலாமே. பெண்பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர்களை இன்னும் ஆட்டோடு விட்டுவிட்டுத்தான் பட்டியல் போடுகிறோம்.

சரி, அந்த ஏழு பேர்? அண்ணன்மார் நடுவில்தான் தாவீது அருள்பொழிவு பெற்றார் என்கிறது வாசகம். உயரமான எலியாபு பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த அதிகாரத்தைப் படியுங்கள்: போர்க்களத்துக்கு வந்த தம்பி மேல் எரிந்து விழுகிறார், அந்தக் கொஞ்ச ஆட்டை யாரிடம் விட்டுவிட்டு வந்தாய் என்று குத்திக்காட்டுகிறார். ஒதுக்கப்பட்ட மனது பேசுகிற பேச்சு அது. ஆண்டவர் எலியாபை அரசராக வேண்டாம் என்றாரே தவிர, பிள்ளையாக வேண்டாம் என்று எங்கும் சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை அவருக்கு வீட்டில் யாராவது சொன்னார்களா, தெரியவில்லை. தேர்வுக்கு நாமக்கல் போய், பெயர் வராமல் கடைசிப் பேருந்தில் மலையேறி வரும் பிள்ளையிடம், “எத்தனாவது வந்தே?” என்று கேட்பதற்கு முன் “சாப்பிட்டியா?” என்று கேளுங்கள், அம்மா.

தாவீதுக்கும் உடனே அரியணை கிடைத்துவிடவில்லை. சில வசனங்கள் கழித்து, யாழ் மீட்ட ஆள் வேண்டும் என்று சவுல் தூது அனுப்புகிறார். அப்போதும் அவர் ஆடுகளோடுதான் இருந்தார்.

இந்த வாரம் தேர்வுகளுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்காகவும், போய்த் திரும்பி வரும் பிள்ளைகளுக்காகவும் இன்றைய திருப்பலியில் மன்றாடுவோம். ஆமென்.