திரையில் இருக்கும் அம்மா பதில் சொல்வதில்லை



வழக்கமாக ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைக் கேள்வி கேட்பதுதான் என் வேலை. இன்று என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். தலைப்பு, 'குழந்தையின் உடல் வளர்ச்சியும் மூளை வளர்ச்சியும்'. நான் மருத்துவர் அல்ல. பலதுறைத் தொழிற்கல்லூரியில் மக்கள் தொடர்பியல் பட்டயம் படித்தவள். இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி? ஒரே தகுதிதான். நான் தவறு செய்து கற்றுக்கொண்ட ஒரு தாய்.

கிளமெண்டியில் எங்கள் வீவக வீடு. மகளுக்கு அப்போது 14 மாதம். நான் படப்பிடிப்புக்குக் கிளம்பும்போது மாமியாரிடம், "டிவியைப் போட்டு விடுங்க அத்தை, சும்மா இருப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போவேன். என் நிகழ்ச்சி வந்தால் வீட்டில் ஒரே பெருமை. "பாரும்மா, அம்மா வந்துட்டாங்க!"

ஒருநாள் நான் வீட்டில் இருந்தேன். என் நிகழ்ச்சி மறுஒளிபரப்பானது. மகள் திரையைப் பார்த்து, "ம்மா" என்றாள். திரையில் இருந்த நான் சிரித்தேன். மீண்டும், "ம்மா" என்றாள். திரையில் இருந்த நான், "சிறிய இடைவேளைக்குப் பிறகு சந்திப்போம்" என்றேன். மூன்றாவது முறை அவள் கூப்பிடவில்லை. சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

நேயர்களே, அந்த வயதில் குழந்தைக்குள் என்ன நடக்கிறது தெரியுமா? முதல் பிறந்த நாளுக்குள் எடை ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. அது நம் கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாதது மூளை. பிறக்கும்போது பெரியவர் மூளையின் எடையில் சுமார் கால் பங்குதான் இருக்கும். இரண்டு வயதுக்குள் அது முக்கால் பங்கை எட்டிவிடுகிறது. நரம்பணுக்களுக்கு இடையே இணைப்புகள் மிக வேகமாக உருவாகின்றன. அடிக்கடி பயன்படும் இணைப்பு உறுதியாகிறது. பயன்படாதது உதிர்ந்துவிடுகிறது.

எது பயன்படுத்த வைக்கிறது? பதில்தான். குழந்தை கூப்பிட வேண்டும், நாம் திரும்பிப் பார்க்க வேண்டும். அது 'ங்கா' என்றால் நாமும் 'ங்கா' என்று சொல்ல வேண்டும்.

2003ல் அமெரிக்காவில் பேட்ரிஷியா கூல் என்ற அறிஞர் குழுவினர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த 9 மாதக் குழந்தைகளுடன் மாண்டரின் பேசுபவர்கள் 12 முறை விளையாடினார்கள், கதை வாசித்தார்கள். அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் வேறு குழந்தைகளுக்குத் தொலைக்காட்சி வழியாகக் காட்டப்பட்டது. அந்தக் குழந்தைகள் அந்த ஒலிகளைக் கற்கவில்லை.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்கிறீர்களா? நம் நாட்டுக்கே வருகிறேன். கிளமெண்டிக்குப் பக்கத்தில், கெண்ட் ரிட்ஜில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை இருக்கிறது. அங்கும் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் 2009ல் 'கஸ்டோ' என்ற ஆய்வு தொடங்கியது. சீன, மலாய், இந்தியத் தாய்மார்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கர்ப்ப காலத்திலேயே சேர்த்து, பிள்ளைகளை ஆண்டுக் கணக்கில் கவனித்து வருகிறார்கள்.

அந்தப் பிள்ளைகளில் 437 பேரைப் பற்றிய முடிவு 2023ல் வந்தது. ஒரு வயதில் அதிக நேரம் திரை பார்த்தவர்களுக்கு 18 மாதத்தில் மூளை அலைகளில் வேறுபாடு தெரிந்தது. 9 வயதில் கவனம் செலுத்துவது, தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வது போன்ற திறன்களில் அவர்கள் பின்தங்கும் போக்கும் காணப்பட்டது. திரைதான் காரணம் என்று ஆய்வு அடித்துச் சொல்லவில்லை. ஆனால் திரை எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு மணி நேரமும் பேச்சிலிருந்தும் விளையாட்டிலிருந்தும் போவதுதானே?

2025 ஜனவரியில் நம் சுகாதார அமைச்சு வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது. 18 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் திரை வேண்டாம். யாரும் பார்க்காமல் பின்னணியில் ஓடுவதுகூட வேண்டாம். அதற்குப் பிறகு 6 வயது வரை, பள்ளி நேரம் தவிர, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள். சாப்பிடும்போது கைத்தொலைபேசியைக் கையில் கொடுக்காதீர்கள். ஊரிலிருந்து பாட்டி காணொளியில் அழைத்தால் அது வேறு. அங்கே கூப்பிட்டால் பதில் வரும்!

"நாங்க தமிழில் பேசினால் பிள்ளைக்கு ஆங்கிலம் குழம்பிப் போகுமே" என்று சில பெற்றோர் என்னிடம் கேட்டதுண்டு. பயப்படாதீர்கள். கஸ்டோவில் சேர்ந்த 6 மாதக் குழந்தைகள் 114 பேரைச் சோதித்த முடிவு 2015ல் வெளியானது. இருமொழி கேட்டு வளரும் குழந்தைகள் ஒரு படத்தை விரைவாக அடையாளம் கண்டுகொண்டு, புதிய படத்தை அதிக ஆர்வத்துடன் பார்த்தார்கள். உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் நிறையப் பேசுங்கள். தாத்தா பாட்டியின் தமிழ் குழந்தைக்குச் சுமை அல்ல, சொத்து.

'எங்கள் பிள்ளைக்கு அந்த வயது தாண்டிவிட்டதே' என்று யாராவது கலங்கினால், அவர்களுக்கும் நல்ல செய்தி உண்டு. அதே கஸ்டோ ஆய்விலிருந்து 2024ல் வந்தது. 3 வயதில் பெற்றோர் அடிக்கடி புத்தகம் வாசித்துக் காட்டிய பிள்ளைகளிடம், திரைக்கும் மூளை மாற்றத்துக்கும் இருந்த அந்தத் தொடர்பு வெகுவாகக் குறைந்திருந்தது. 'ஐந்தில் வளையாதது' என்று நாம் பயமுறுத்துகிறோம். ஐந்துக்குள் வளைக்க இன்னும் நேரம் இருக்கிறது என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம்.

என் மகள் ஒன்றரை வயதில் மூன்றே சொற்கள் பேசினாள். அன்றிலிருந்து பகலில் தொலைக்காட்சியை நிறுத்தினோம். மாமியார் அவளைத் தரையில் விட்டு, வெங்காயத்தைக் கொடுத்து, "இது என்ன? உருட்டு பார்க்கலாம்" என்று பேசிக்கொண்டே சமைத்தார். வெங்காயத்தைத் துரத்தித் துரத்தி அவள் கால்களும் பலப்பட்டன, பேச்சும் வந்தது. வார இறுதியில் கிளமெண்டி நூலகத்துக்குப் போவோம். செலவே இல்லை.

தொலைக்காட்சியில் பிழைப்பவள், தொலைக்காட்சியை அணையுங்கள் என்று சொல்வது என் தயாரிப்பாளருக்குப் பிடிக்காமல் போகலாம். பரவாயில்லை. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு இதைக் கேட்கும் அம்மா, அப்பா, பாட்டி யாராக இருந்தாலும் சரி, அது கூப்பிட்டால் என்னைப் பார்க்காதீர்கள். அதைப் பாருங்கள். பதில் சொல்லுங்கள்.