வேண்டாதவர்கள்

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பைச் சொன்னதும் தம்பி ஒருவர் என் காதருகில் வந்து, "யூதர்கள் பட்ட துன்பத்தை நாம் எதற்குப் பேச வேண்டும்? பாலஸ்தீனத்தைப் பேசுங்களேன்" என்றார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. பாலஸ்தீனத்துக்கும் வருவேன். ஆனால் அதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுகிறேன். ஹிட்லர் காலத்தில் ஐரோப்பிய யூதர்களில் சுமார் 60 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். இது கட்டுக்கதை என்று நம்மில் சிலர் டீக்கடையில் பேசுகிறார்கள், துண்டுப் பிரசுரம் கூடத் தருகிறார்கள். அது பொய். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்து விடக் கூடாது என்று ஓதுகிறவர்கள் நாம். அந்த நீதி இறந்து போனவர்களின் எண்ணிக்கைக்கும் பொருந்தும்.

மைக்கேல் மாரஸ் என்று ஒரு வரலாற்றாசிரியர். கனடாவின் டொரண்டோவில் 1941-ல் பிறந்தவர், அங்குள்ள பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியராக இருந்து 2022-ல் மறைந்தவர். அமெரிக்க வரலாற்றாசிரியர் ராபர்ட் பாக்ஸ்டனுடன் சேர்ந்து 1981-ல் ஒரு நூல் வெளியிட்டார். பிரான்சின் விஷி அரசு யூதர்களை என்ன செய்தது என்பதே அதன் பொருள். 1985-ல் தனியாக இன்னொரு நூல் எழுதினார். இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் அகதிகளைப் பற்றியது. அதற்கு அவர் வைத்த பெயர் 'வேண்டாதவர்கள்'.

முதல் நூலின் விஷயத்துக்கு வருவோம். வணிகர்கள் இதைக் கூர்ந்து கேட்க வேண்டும்.

1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்றது. வட பகுதியை ஜெர்மன் ராணுவம் ஆண்டது. தெற்கில் விஷி என்ற ஊரைத் தலைநகராக்கி, மார்ஷல் பெத்தேன் தலைமையில் ஒரு பிரெஞ்சு அரசு நடந்தது. போர் முடிந்த பிறகு பிரெஞ்சுக்காரர்கள் பலர் சொன்ன சமாதானம் என்ன தெரியுமா? "ஜெர்மானியன் துப்பாக்கியைக் காட்டிச் செய்யச் சொன்னான், செய்தோம்" என்பதுதான். முப்பது ஆண்டுகள் இந்தப் பேச்சு ஓடியது.

மாரஸும் பாக்ஸ்டனும் கோப்புகளைப் புரட்டினார்கள். பாதிக்கப்பட்டவர்களின் கண்ணீர்க் கதைகளை மட்டும் நம்பி அவர்கள் எழுதவில்லை. நம்மூர் மாவட்ட ஆட்சியர் போன்ற பிரெஃபெக்டுகள் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கைகள், அமைச்சகக் குறிப்புகள், ஜெர்மன் அலுவலகங்களின் கடிதங்கள் ஆகியவற்றை வைத்து எழுதினார்கள். செய்தவன் கையெழுத்தே சாட்சி. அந்தச் சாட்சி சொன்னது இதுதான்: விஷி அரசு ஆரம்பத்தில் கொண்டு வந்த யூத விரோதச் சட்டங்கள் ஜெர்மன் உத்தரவால் வந்தவை அல்ல. கேட்காமலே செய்தார்கள்.

எப்படித் தொடங்கினார்கள் பாருங்கள். 1940 ஜூலையில் ஒரு சட்டம் போட்டார்கள். 1927-க்குப் பிறகு குடியுரிமை பெற்றவர்களின் ஆவணங்கள் மறுபரிசீலனை செய்யப்படும் என்றது அது. அதில் யூதர் என்ற சொல்லே இல்லை! ஆனால் குடியுரிமை பறிபோன சுமார் 15,000 பேரில் ஏறக்குறைய 6,000 பேர் யூதர்கள். அக்டோபர் 3-ல் நேரடியாகவே வந்தது யூதர் சட்டம். யார் யூதர் என்று வரையறுத்து, அவர்களை அரசுப் பணி, ஆசிரியர் பணி, ராணுவ அதிகாரி பதவி, பத்திரிகை, சினிமா ஆகியவற்றிலிருந்து வெளியேற்றியது. மறுநாள் இன்னொரு சட்டம்: வெளிநாட்டு யூதர் எவரையும் பிரெஃபெக்ட் முகாமில் அடைக்கலாம். விசாரணை கிடையாது, குற்றமும் தேவையில்லை. அதற்கு மூன்று நாள் கழித்து அல்ஜீரியாவின் யூதர்கள் 1870 முதல் பெற்றிருந்த பிரெஞ்சுக் குடியுரிமையும் ஒரே கையெழுத்தில் போயிற்று.

பாரிஸில் அதே இலையுதிர் காலத்தில் ஜெர்மன் ஆணைப்படி யூதர்கள் தங்களைப் பதிவு செய்து கொள்ள வேண்டியிருந்தது. சட்டத்தை மதிக்கும் மக்களல்லவா, பிரெஞ்சுக் காவல் நிலையங்களின் முன்னால் வரிசையில் நின்று பெயர் கொடுத்தார்கள். பாரிஸும் அதன் சுற்றுப்புறமும் சேர்ந்து சுமார் 1,50,000 பேர். பெயர்வாரி, தெருவாரி, தொழில்வாரி, நாட்டுவாரி என்று நான்கு விதமாக அட்டைகளை அடுக்கி வைத்தது பிரெஞ்சு போலீஸ். யூதர் கடைகளின் வாசலில் 'யூத நிறுவனம்' என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. அடுத்து ஒவ்வொரு கடைக்கும் ஒரு 'தற்காலிக நிர்வாகி' வந்து உட்கார்ந்தார். சாவி அவர் கையில், கல்லாப்பெட்டி அவர் கையில். கடையை விற்கவும் இழுத்து மூடவும் அவருக்கு அதிகாரம். விற்ற பணம் முடக்கப்பட்ட கணக்கில் போகும். உரிமையாளர் தொட முடியாது. 1941 ஜூலையில் விஷி அரசு தன் சொந்தச் சட்டத்தால் இதைத் தெற்குப் பகுதிக்கும் நீட்டியது.

ஏன் நீட்டியது? இங்கேதான் மாரஸ் ஒரு நுட்பமான விஷயத்தைக் காட்டுகிறார். யூதர் சொத்து ஜெர்மானியர் கைக்குப் போய் விடுமோ என்று விஷி அதிகாரிகளுக்குக் கவலை! நாட்டுச் சொத்து நாட்டிலேயே இருக்கட்டும் என்ற 'தேசபக்தி' பேசித்தான் பக்கத்துக் கடைக்காரனின் கடையைப் பறித்தார்கள். அதை வாங்கியவர்களும் சாதாரண வியாபாரிகள்தான் சகோதரர்களே. ஒருவன் கடை மூடினால் தன் கடைக்குக் கூட்டம் வரும் என்று கணக்குப் போட்டவர்களும் உண்டு. எந்த ஊர்க் கடைவீதிக்கும் இது புதிதல்ல.

அந்த அட்டைகளுக்கு வேலை வந்தது 1942 ஜூலை 16, 17 தேதிகளில். பாரிஸில் சுமார் 13,000 யூதர்கள் பிடிக்கப்பட்டார்கள். அதில் 4,000-க்கும் மேல் குழந்தைகள். பிடித்தது பிரெஞ்சு போலீஸ். குடும்பத்தோடு பிடிபட்டவர்களை ஒரு சைக்கிள் பந்தய அரங்கில் கொட்டினார்கள். பிறகு முகாம், பிறகு சரக்கு ரயில் பெட்டி, பிறகு ஆஷ்விட்ஸ். குழந்தைகளையும் சேர்த்து அனுப்பலாம் என்று யோசனை சொன்னது ஜெர்மானியர் அல்ல, விஷி பிரதமர் லவால்! போர் முடிவதற்குள் பிரான்சிலிருந்து சுமார் 76,000 பேர் நாடு கடத்தப்பட்டார்கள். திரும்பியவர்கள் ஏறக்குறைய 2,500 பேர்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கோடையில் தூலூஸ் நகரத்துப் பேராயர் சலியேஜ், இவர்களும் மனிதர்களே என்று ஒரு கடிதம் எழுதித் தேவாலயங்களில் படிக்கச் செய்தார். மக்கள் மனமும் அப்போதுதான் அசைந்தது. விஷி அரசு தயங்கத் தொடங்கியது. பிரான்சிலிருந்த யூதர்களில் நான்கில் மூன்று பங்கினர் பிழைத்தார்கள் என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் 1940-ல் சட்டம் வந்தபோது பேசியிருந்தால்? அப்போது நாடே கிட்டத்தட்ட மௌனம்.

இனி அகதிகள். நாடு கடத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சுக் குடிமக்கள் அல்லர். ஜெர்மனியிலிருந்தும் போலந்திலிருந்தும் அடைக்கலம் தேடி வந்தவர்கள். மாரஸ் இரண்டாவது நூலில் கேட்பது இதைத்தான்: இவர்கள் ஏன் யாருக்கும் வேண்டாதவர்கள் ஆனார்கள்? முற்காலத்திலும் மக்கள் ஊரை விட்டு ஓடியிருக்கிறார்கள். 1492-ல் ஸ்பெயின் விரட்டிய யூதர்கள் உஸ்மானிய ஆட்சியில் வந்து குடியேறியதை நாம் அறிவோம். அன்று அவர்களிடம் யாரும் விசா கேட்கவில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு எல்லைகள் இறுகின, பாஸ்போர்ட் வந்தது, காகிதம் இல்லாதவன் மனிதனாகவே கணக்கில் வராத காலம் பிறந்தது. புரட்சிக்குப் பின் வெளியேறிய ரஷ்யர்களின் குடியுரிமையைச் சோவியத் அரசு பறித்தது. அவர்களுக்காக 1922-ல் நான்சென் பாஸ்போர்ட் என்று ஒரு தாளை உருவாக்க வேண்டியிருந்தது.

1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடின. ஒவ்வொரு நாடும் யூத அகதிகளுக்காக வருத்தப்பட்டது. டொமினிக்கன் குடியரசைத் தவிர வேறெந்த நாடும் பெரிய அளவில் கதவு திறக்கச் சம்மதிக்கவில்லை. அடுத்த ஆண்டு 937 பேருடன் 'செயின்ட் லூயிஸ்' என்ற கப்பல் கியூபாவுக்குப் போயிற்று. கியூபா 30 பேரைக் கூட இறக்க விடவில்லை. அமெரிக்காவும் கனடாவும் ஏற்கவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அதில் வந்தவர்களில் சுமார் 250 பேர் பின்னர் நாஜிகளின் ஆட்சியில் மாண்டார்கள்.

தம்பி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஐரோப்பா வேண்டாம் என்று தள்ளிய மக்களின் பிரச்சினை ஐரோப்பாவில் தீர்க்கப்படவில்லை. 1948-ல் 7 லட்சத்துக்கும் அதிகமான பாலஸ்தீனர்கள் அகதிகளானார்கள். ஹிட்லரின் குற்றத்துக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை உரக்கச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. அந்தக் குற்றமே நடக்கவில்லை என்று சொன்னால் அந்த உரிமையை நாமே குலைத்துக் கொள்கிறோம். மியான்மரின் 1982 குடியுரிமைச் சட்டத்தையும் 2017-ல் வங்கதேசத்துக்கு ஓடிய 7 லட்சம் ரோஹிங்கியாக்களையும் நினைத்துக் கொண்டு, விஷி சட்டங்களின் தேதிகளைத் திரும்பப் படியுங்கள்.

கடைசியாக ஒரு மனிதனைக் காட்டி முடிக்கிறேன். பெயர் மொரிஸ் பபோன். 1942 முதல் போர்தோ நகரில் விஷி அரசின் அதிகாரி. யூதர்களை முகாமுக்கு அனுப்பும் உத்தரவுகள் அவர் அலுவலகத்தின் வழியே போயின. போருக்குப் பின் அவர் மீது கை வைக்க ஆளில்லை, பதவி மேல் பதவி. 1961 அக்டோபர் 17 அன்று பாரிஸ் போலீசின் தலைவர் அவர்தான். அன்றிரவு ஊரடங்கை எதிர்த்து அமைதியாக ஊர்வலம் வந்த அல்ஜீரிய முஸ்லிம்களில் 11,000-க்கும் மேற்பட்டோரைப் பிடித்து விளையாட்டு அரங்குகளில் அடைத்தது அவர் போலீஸ். அடித்துக் கொன்று சேன் நதியில் வீசினார்கள். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. பின்னர் அவர் பிரான்சின் அமைச்சராகவும் ஆனார்!

1997-ல் தான் பபோன் கூண்டில் நின்றார். மாரஸின் தோழர் பாக்ஸ்டன் கடல் கடந்து வந்து சாட்சி சொன்னார். 1998 ஏப்ரலில் பத்தாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. யூதர்களுக்கு இழைத்ததற்காக மட்டும். அல்ஜீரியர்களுக்காக அவரை எந்த நீதிமன்றமும் தண்டிக்கவில்லை.

நேரமாகி விட்டது. கேள்வி இருப்பவர்கள் தொழுகைக்குப் பிறகு வாருங்கள், பேசுவோம். வஸ்ஸலாம்.