முதலில் பேச விடுங்கள்

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும்போது பெருமுக்கல் மலையைப் பார்த்திருப்பீர்கள். மேலே சிவன் கோயில் இருக்கிறது. அங்குள்ள குகைப் பாறையில் மிகப் பழைய கீறல் உருவங்களும் உண்டு. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத்தான் நான் பல ஆண்டுகள் பாடம் எடுத்தேன்.

ஒருநாள், "மலையில என்ன பார்த்தீங்க, சொல்லுங்க" என்றேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆசையாக எழுந்தான். "டீச்சர், கொகையில என்னமோ கிறுக்கி வச்சிருக்காங்க…" என்று ஆரம்பித்தான். நான் குறுக்கே புகுந்து, "கொகை இல்லப்பா, குகை" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். அந்த ஆண்டு முழுவதும் தானாக எழுந்து பேசவே இல்லை. அவன் என்ன பார்த்தான் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்றுதான் மொழித்திறன்களை வரிசைப்படுத்துகிறோம். ஆனால் வகுப்பில் நாம் அதிகம் சொல்வது "பேசாதே" என்பதைத்தான்.

ஒரு சின்னக் கணக்கு. 40 பிள்ளைகள், 40 நிமிட வகுப்பு. ஆசிரியர் 20 நிமிடம் பேசினால், மீதியில் ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம்தான் கிடைக்கும். அதே 20 நிமிடம் இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துப் பேசவிட்டால், ஆளுக்கு 10 நிமிடம். சத்தம் வரும், வரட்டும்.

அப்படியென்றால் திருத்தவே கூடாதா? திருத்தலாம், பிள்ளை சொல்லி முடித்த பிறகு. "அப்படியா! குகையில என்ன படம் இருந்துச்சு?" என்று நான் கேட்டிருந்தால் போதும். சரியான சொல்லும் அவன் காதில் விழுந்திருக்கும், பேச்சும் நின்றிருக்காது. ஆங்கிலத்துக்கும் இதே வழிதான். புரியாததைப் புரியவில்லை என்று சொல்லவே பயப்படும் பிள்ளைக்கு எந்தப் பாடமும் ஏறாது.

கொரோனாவுக்குப் பிறகு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கியது நம் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான். தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் பிள்ளைகளின் வீட்டருகிலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். தெரிந்த அக்காவிடம் பிள்ளைகளுக்குக் கூச்சம் இருக்காது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் நம் சமுதாயக் கூடத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு, நம் காவலாளி, துப்புரவுப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளும் வரட்டும். ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்கட்டும். ஆங்கிலம் சரளமாகப் பேசும் நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழில் ஒரு கதை சொல்ல வராது; அவர்களுக்கும் இது பாடம்தான். பெரியவர்கள் இரண்டு பேர் உடன் இருந்தால் போதும். விதி ஒன்றே ஒன்று: யாரும் குறுக்கே திருத்தக் கூடாது, சிரிக்கக் கூடாது.

முதல் வாரம் நான் வருகிறேன். இந்தமுறை வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன்.