1844இல் திறந்த மூன்று கதவுகள்



இந்த மானாம்பதிக்கு வட்டத் தலைநகரம் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபைக்கு வருகிறவனுக்குக் கால்வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கும் 70க்கும் நடுவே இருக்க வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, சூதுவாது தெரியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். உலகமே மெச்சுகிற ஏற்பாடு, மெச்சட்டும். ஆனால் ஓலை எடுத்த அந்தச் சிறுவனின் அக்காளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் யார்? கால்வேலியில் நாற்று நட்டவரின் மகனுக்கு? அதைப் பற்றி அந்தச் சுவரில் ஒரு வரி கிடையாது.

நாம் கூடியிருக்கும் இந்தப் பள்ளி போன்ற கத்தோலிக்கப் பள்ளிகளின் வரலாற்றையும் இதே கேள்வியோடுதான் பார்க்க வேண்டும். யாரை உள்ளே விட்டார்கள்?

1844ஆம் ஆண்டு. ஆயர் பொன்னான் புதுச்சேரியில் தம் பொறுப்பிலிருந்த குருக்களைக் கூட்டி மாமன்றம் நடத்துகிறார். பள்ளிகள் வேண்டும், இந்த மண்ணின் குருக்கள் வேண்டும் என்று அங்கே பேசப்படுகிறது. அதே ஆண்டு புதுச்சேரியில் பெத்தி செமினார் பள்ளி பிறக்கிறது. அதே ஆண்டு நாகப்பட்டினத்தில் இயேசு சபையார் புனித வளனார் கல்லூரியைத் தொடங்குகிறார்கள். அதுதான் 1883இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்தது. இரண்டும் பையன்களுக்கு.

மூன்றாவதுதான் முக்கியமானது. லூயி சவினியன் துப்புயி என்ற பிரெஞ்சுக் குரு, பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதற்கென்றே, இந்நாட்டுப் பெண்களைக் கொண்டு ஒரு துறவற சபையை அந்த அக்டோபரில் தொடங்கினார். மரியாவின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கன் சகோதரிகள் என்று இன்று அறியப்படுகிறவர்கள் அவர்கள்தான். பெண் எழுதப் படிக்கக் கற்றால் குடும்பம் கெட்டுவிடும் என்று ஊர் நம்பிய காலம் அது. கப்பலில் ஆசிரியைகள் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. மிஷன் அச்சகத்தை நடத்தியவரும் இவரே. முசே என்ற குருவோடு சேர்ந்து இவர் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855இலிருந்து வெளிவந்தது. கற்பிக்க வந்தவர் முதலில் தமிழுக்கு மாணவராக இருந்தார்.

பிறகு திருச்சி. 1950இல் ராமேசுவரத்து முஸ்லிம் பையன் ஒருவர் புனித வளனார் கல்லூரி விடுதியில் சேர்கிறார். அறைத் தோழர்கள் இருவர்: ஒருவர் ஸ்ரீரங்கத்து ஐயங்கார், மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். விடுதிக் காப்பாளர் அருட்தந்தை செக்கைரா. தீபாவளி வந்தால், அவர் சொற்படி, பிள்ளைகளின் எண்ணெய்க் குளியலுக்கு அறை அறையாக நல்லெண்ணெய் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்தப் பையன் அப்துல் கலாம்; இதைத் தம் சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார். சமய நல்லிணக்கம் பற்றி மணிக்கணக்கில் மேடையில் முழங்கலாம், இதோ இப்போது நடப்பது போல! ஒரு கரண்டி நல்லெண்ணெய் அதைவிட அதிகம் சொல்லிவிடுகிறது.

மெச்சிக்கொண்டே போனால் வரலாறு பாதிதான் சொன்னதாகும். வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோயிலுக்குள்ளேயே சாதிக்கு ஒரு பக்கம் என்று சுவர் நின்றது. 1910இல் குருக்கள் அதை இடித்தபோது எதிர்த்தவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள்; தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வரவில்லை. சாதியைக் கோயிலுக்குள் விட்டவர்களும், சுவரை இடித்தவர்களும் ஒரே திருச்சபையார்தான். பாரம்பரியம் என்று பெருமை பேசுகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே சுமக்க வேண்டும்.

பக்கத்துக் கதை ஒன்று. 2024 ஜூலை 15, காமராசர் பிறந்தநாள். கிராமப்புற அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டத்தை முதலமைச்சர் விரிவுபடுத்தினார். விழா நடந்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரி, புனித அன்னாள் தொடக்கப்பள்ளி. 3,995 பள்ளிகள், ஏறத்தாழ 2.23 லட்சம் பிள்ளைகள். அரசின் சோறும் திருச்சபையின் பள்ளியும் ஏழைப் பிள்ளையின் தட்டில் சந்தித்தன.

இப்போது இந்த வட்டாரத்துக்கு வருவோம். அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் பிழைக்க வரும் குடும்பங்கள், அவற்றில் இருளர் குடும்பங்கள், இங்கே எல்லோரும் அறிந்தவை. பிறப்புச் சான்று இருக்காது, சாதிச் சான்று இருக்காது. வயதுச் சான்று இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அந்தச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. சட்டம் விலகிக்கொண்ட இடத்தில் 1844தான் பேச வேண்டும். பள்ளி நிர்வாகத்தாரே, அருட்சகோதரிகளே, வருகிற ஜூன் மாதச் சேர்க்கையில் சூளையிலிருந்து ஒரு தாய் வெறுங்கையோடு வந்து நின்றால், முதலில் பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் எழுதுங்கள். சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம் போகும்போது அந்தத் தாயோடு நீங்களும் போங்கள்.