மூன்று பூனைகளின் வழக்கு

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கல்வர் சிட்டி என்று ஓர் ஊர். அங்கே 530 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் 1988-ல் ஒரு பெண் வீடு வாங்கினார். கூடவே அவருடைய மூன்று பூனைகளும் குடிவந்தன.

பூனை, நாய் வளர்க்கக் கூடாது என்பது அந்தக் குடியிருப்பின் பதிவான விதி. வீட்டு உரிமையாளர் சங்கம் மாதாமாதம் அபராதம் போட்டது. தொகை ஏறிக்கொண்டே போனது. வீட்டை விட்டு இறங்காத, சத்தம் போடாத பூனைகளால் யாருக்கும் தொல்லையில்லை என்று அவர் வழக்குப் போட்டார். 1994-ல் மாநில உச்ச நீதிமன்றம் சங்கத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. எல்லோரையும் கட்டுப்படுத்தும் விதியை ஒருவருக்காகத் தளர்த்த முடியாதாம். ஒரு நீதிபதி மட்டும் மறுத்து எழுதினார். மனம் அவர் பக்கமே சாய்கிறது.

பிறகு சட்டமே மாறியது. 2001 முதல் எழுதப்படும், திருத்தப்படும் சங்க விதிகள், ஒரு வளர்ப்புப் பிராணியையாவது அனுமதித்தாக வேண்டும்.

இன்னொரு நல்ல ஏற்பாடும் கலிபோர்னியாச் சட்டத்தில் உண்டு. பிணக்குகளைத் தீர்க்கச் சங்கத்துக்கென்று தனி நடைமுறை இல்லாவிட்டால், பிணக்குள்ள உறுப்பினர் எழுதிக் கேட்டால் போதும். நிர்வாகக் குழுவில் ஒருவர் அவரோடு உட்கார்ந்து பேசவேண்டும். சங்கம் மறுக்க முடியாது, கட்டணமும் வாங்க முடியாது. உடன்பாடு ஏற்பட்டால் அதை எழுதி, இரு தரப்பும் கையெழுத்திடுகிறார்கள்.