எது உயர்ந்தது என்ற சண்டை

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



காலைத் தேநீர் இடைவேளையில் நடந்த விவாதத்தை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். "விண்டோஸ் இல்லாத கணினியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்றார் ஒருவர். "லினக்ஸ் போட்டுப் பாருங்கள் சார், வைரஸ் தொல்லையே கிடையாது" என்றார் மற்றவர். தம் மகன் வாங்கியிருக்கும் ஆப்பிள் மடிக்கணினியைப் பற்றி ஓர் ஆசிரியை சொல்லத் தொடங்கியதும், அதுவரை மோதிக்கொண்டிருந்த இருவரும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள்! முடிவு எதுவும் வரவில்லை, தேநீர்தான் ஆறிப்போனது.

நான் சமூக அறிவியல் ஆசிரியர். கணினி எனக்குப் பாடம் அல்ல, கருவி. ஆனாலும் இந்தச் சண்டையில் ஒரு காலத்தில் நானும் ஒரு பக்கம் நின்றவன். அதனால் ஒரு மாணவிக்கு நேர்ந்ததைச் சொல்லத்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எங்கள் ஊர் ஏரியைப் பற்றிச் செயல்திட்டம் செய்தாள். அவள் அண்ணனுக்கு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி வீட்டில் இருந்தது. 2011இல் தொடங்கிய அத்திட்டத்தின் முதல் ஆண்டுகளில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்களும் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. அவள் அதில் தட்டச்சு செய்து, பென் டிரைவில் கொண்டுவந்தாள். என் கணினியில் கோப்பு திறக்கவில்லை. வகுப்பின் முன்னால், "இதெல்லாம் ஒரு கணினியா? ஒழுங்கான கணினியில் செய்துகொண்டு வா" என்று சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் நான்கு பக்கம் கையால் எழுதிக் கொடுத்தாள். மதிப்பெண்ணும் போட்டாயிற்று. பிறகொரு நாள் எங்கள் பள்ளியின் கணினி ஆசிரியர் அதே பென் டிரைவை வாங்கி, ஒரு நிமிடத்தில் திறந்து காட்டினார். என்னிடம் இருந்த பழைய மென்பொருளுக்கு அந்த வகைக் கோப்பைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். உள்ளே பதினொரு பக்கங்கள். மதகுகளின் படம், எந்த மதகிலிருந்து எந்த வயலுக்குத் தண்ணீர் போகிறது என்ற அட்டவணை, அவள் தாத்தா சொன்ன பழைய வெள்ளக் கதை எல்லாம் இருந்தன. நான்கு பக்கத்தில் அவற்றில் பாதிகூட இல்லை. அதன்பிறகு அந்த ஆண்டு முழுவதும் அவள் எனக்கு எதையும் தட்டச்சு செய்து தரவில்லை.

நான் ஏன் அப்படிப் பேசினேன்? யோசித்துப் பார்த்ததில் சில காரணங்கள் தெரிந்தன.

முதலாவது, பழகிய கை. முப்பது வயதுக்கு மேல், பயிற்சிகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எந்த இடத்தில் எதைச் சொடுக்க வேண்டும் என்று குறிப்பெடுத்துக் கற்றுக்கொண்டவன் நான். "உங்கள் இயங்குதளம் சரியில்லை" என்று யாராவது சொன்னால், "நீங்கள் பட்ட பாடெல்லாம் வீண்" என்றுதான் என் காதில் விழுகிறது.

இரண்டாவது, கொடுத்த விலை. ஒருவர் அறுபதாயிரம், எழுபதாயிரம் கொடுத்து வாங்கியிருப்பார். இன்னொருவர் பணம் கொடுக்காமல், பல இரவுகள் கண்விழித்து லினக்ஸ் கற்றிருப்பார். இரண்டுமே விலைதான். விலை கொடுத்த பொருளைக் குறை சொன்னால் யாருக்கும் மனம் ஒப்பாது.

மூன்றாவது, துணை. நான் பயன்படுத்துவதையே பக்கத்தில் இருப்பவரும் பயன்படுத்தினால், கோப்பு திறக்கும்; சந்தேகம் கேட்க ஆள் இருக்கும். எனவே எல்லோரையும் நம் பக்கம் இழுக்கப் பார்க்கிறோம். இதில் நியாயமான தேவையும் இருக்கிறது.

நான்காவதுதான் முக்கியமானது. 1983இல் க்னூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் பேசியது உரிமையைப் பற்றி: மென்பொருளைத் திறந்து பார்க்கவும், மாற்றவும், பிறரோடு பகிரவும் பயனருக்கு உரிமை வேண்டும் என்றார். ஆப்பிள் நிறுவனம் கருவியையும் மென்பொருளையும் தானே செய்து, இரண்டையும் பொருத்தமாக இணைத்துத் தருகிறது. விண்டோஸ் பல நிறுவனங்களின் கணினிகளில் ஓடுகிறது. அதற்கென எழுதப்பட்ட மென்பொருள்கள் ஏராளம். ஆக, ஒருவர் உரிமையைப் பேசுகிறார், ஒருவர் பொருத்தத்தைப் பேசுகிறார், ஒருவர் புழக்கத்தைப் பேசுகிறார். மூவரும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு, ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாக நினைக்கிறார்கள். பிறகு சண்டை எப்படி முடியும்?

அறிஞர்களும் இதற்கு விலக்கல்ல. ஆம்ஸ்டர்டாம் நகரில் பணியாற்றிய பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், மாணவர்களுக்குக் கற்பிப்பதற்காகவே 1987இல் மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை வெளியிட்டார். பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அவருடைய நூலைப் படித்து, மினிக்ஸைப் பயன்படுத்திப் பார்த்து, 1991இல் லினக்ஸை எழுதினார். 1992 ஜனவரியில், லினக்ஸின் வடிவமைப்பு காலாவதியானது என்று பேராசிரியர் எழுதினார். 22 வயது டோர்வால்ட்ஸ் காரமாகப் பதில் எழுதினார். 22 வயது டோர்வால்ட்ஸ் காரமாகப் பதில் எழுதினார்.

விவாதத்தின் மையம் இதுதான். பள்ளி அலுவலகத்தின் எல்லாப் பணிகளையும் ஒரே அறையில் ஒரே குழு பார்ப்பதா, அல்லது மிகத் தேவையானதை மட்டும் மையத்தில் வைத்து மற்றவற்றைத் தனித்தனி அறைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதா? முன்னது லினக்ஸ், பின்னது மினிக்ஸ். முன்னதில் வேகம் அதிகம். பின்னதில் ஓர் அறையில் நேரும் கோளாறு மற்ற அறைக்குப் போகாது.

அதன்பிறகு நடந்தவற்றைத்தான் நாம் கவனிக்க வேண்டும். மறுநாளே டோர்வால்ட்ஸ் தம் பேச்சின் தொனிக்காக வருத்தம் தெரிவித்தார். 2004இல், லினக்ஸை அவரே எழுதியிருக்க முடியுமா என்று ஒருவர் சந்தேகம் கிளப்பியபோது, அது அவர் எழுதியதுதான் என்று வெளிப்படையாக எடுத்துச் சொன்னவர் டானன்பாம். வடிவமைப்பைப் பற்றிய தம் கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் மாணவரின் உழைப்பை மறுக்கவில்லை. இன்று நம் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளம் லினக்ஸ். மினிக்ஸோ இன்டெல் நிறுவனத்தின் சில்லுகளுக்குள் இருப்பது 2017இல் பரவலாகத் தெரியவந்தது. எது உயர்ந்தது என்று கேட்டால் என்ன சொல்வது?

நண்பர்களே, நம் வகுப்பறைக்கு வருவோம். மாணவர்கள் இப்படிச் சண்டையிட்டால் நிறுத்த வேண்டாம்; கேள்வியை மாற்றுவோம். "எது சிறந்தது?" என்பதற்குப் பதிலாக, "எந்த வேலைக்கு? யாருக்கு? என்ன செலவில்?" என்று கரும்பலகையில் எழுதுவோம். பிறகு, ஒவ்வொருவரும் எதிர்ப்பக்கத்துக்காக இரண்டு நிமிடம் பேசட்டும். தொடக்கப் பள்ளியில் பேனா, நடிகர், கிரிக்கெட் வீரர் என்று இதே சண்டை வருகிறது. "எனக்குப் பிடிக்கும்" என்பதும் "இதுதான் உயர்ந்தது" என்பதும் வேறு வேறு என்று அந்த வயதிலேயே சொல்லிக் கொடுக்கலாம்.

நமக்கும் ஒரு வேலை உண்டு. மாணவர் கொண்டுவரும் கோப்பு திறக்கவில்லை என்றால், குறை முதலில் நம் கணினியில் இருக்கிறதா என்று பார்ப்போம். லிப்ரே ஆபிஸ் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஆப்பிள் கணினியிலும் இலவசமாக ஓடும். பலவகைக் கோப்புகளைத் திறக்கும். ஒப்படைக்கும்போது பிடிஎஃப் வடிவிலும் ஒரு படி தரச் சொல்லலாம். தமிழை யூனிகோடில் தட்டச்சு செய்யப் பழக்கலாம். வீட்டில் என்ன கணினி இருக்கிறது என்பதை வைத்து ஒரு பிள்ளையின் உழைப்பு எடை போடப்படக் கூடாது.

அந்த மாணவியிடம் நான் வருத்தம் தெரிவித்தேன். ஆனால் டோர்வால்ட்ஸ் போல மறுநாள் அல்ல. ஆண்டுத் தேர்வு நெருங்கிய பிறகு. "பரவாயில்லை சார்" என்றாள். பிள்ளைகள் சொல்லும் "பரவாயில்லை"யை நாம் மிக எளிதாக நம்பிவிடுகிறோம். பதினொரு பக்கங்களையும் அச்செடுத்துப் பள்ளி நூலகத்தில் வைத்தேன். ஏரி பாடம் வரும்போதெல்லாம் அதைத்தான் வகுப்புக்கு எடுத்துப் போகிறேன்.