வறட்சிக்குப் பின் நிலத்துக்கு உரமிடும் முறை

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



ஏரால் உண்டு வாழும் குடும்பத்தார் பலர் கூடியிருக்கும் இச்சபையில் உழவைப்பற்றிப் பேசுவதற்கு நீண்ட முகவுரை வேண்டுவதில்லை. மழை பொய்த்த காலத்தில் செய்யத்தக்கது யாது என்று எடுத்துரைப்பார் பலர் உளர். மழை திரும்பி வந்தபின் செய்யத்தக்கது யாது என்பதைச் சொல்வாரோ சிலரே. அதுபற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

2016-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கமான அளவினும் 62 சதவிகிதம் குறைந்து பெய்தது. 2017 ஜனவரியில் அப்போதிருந்த 32 மாவட்டங்களும் வறட்சிப் பகுதிகள் என்று அரசாங்கத்தாரால் அறிவிக்கப்பட்டன. அத்தகைய ஆண்டில் விளைவு இன்றிப் போவது ஒரு நஷ்டம். அடுத்த ஆண்டு மழை பெய்தவுடன், இழந்ததையெல்லாம் ஒரே போகத்தில் மீட்டுவிடலாம் என்ற ஆசையால் நகையை அடகு வைத்து, கடைக்காரர் கொடுத்த உரத்தையெல்லாம் வாங்கிக் கொட்டுவது இரண்டாவது நஷ்டம். முதலாவது தெய்வச் செயல். அதைத் தடுப்பார் இல்லை. இரண்டாவது நம் செயல். அதை நாம் தடுக்கலாம். வறட்சி கழிந்த நிலம் பழைய நிலம் அன்று. அதில் எது எஞ்சியுள்ளது, எது அழிந்துள்ளது என்று கணக்குப் பாராமல் உரத்துக்கு ஒரு காசும் செலவிடலாகாது என்பதே என் விண்ணப்பம்.

பயிருக்கு வேண்டிய முக்கியச் சத்துக்கள் மூன்று என்பது யாவரும் அறிந்ததே. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகிய இம்மூன்றும் வறட்சியில் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை.

மணிச்சத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். டி.ஏ.பி. உரம் 50 கிலோ மூட்டை ஒன்றில் மணிச்சத்து 23 கிலோவும் தழைச்சத்து 9 கிலோவும் உள்ளன. ஒருவர் அதனை அடியுரமாக இட்டு விதைத்தார். முழங்காலளவு வளர்ந்த பயிர் நீரின்றிக் கருகியது என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு சிறு பயிர் உண்ட மணிச்சத்து மிகச் சிறிது. இச்சத்து காற்றில் பறந்து போவதன்று. நீரோடு எளிதில் ஓடுவதும் அன்று. ஒரு பகுதி சுண்ணாம்போடும் இரும்போடும் பிணைந்து இறுகிவிடும் என்பது உண்மையே. ஆயினும் கணிசமான பகுதி மண்ணிலேயே தங்கி நிற்கும். அந்த நிலத்தில் மறுவருஷமும் பழைய அளவே மணிச்சத்து இடவேண்டுமென்று யார் சொல்லக்கூடும்?

சாம்பல்சத்தின் கதை வேறு. நெற்பயிரில் இச்சத்தின் பெரும்பகுதி மணியில் இல்லை, வைக்கோலில்தான் இருக்கிறது. கருகிய பயிரை மாட்டுக்கென்று அறுத்துக்கொண்டு போனால் அதனோடு சாம்பல்சத்தும் வயலைவிட்டு வெளியேறுகின்றது. அந்த மாட்டின் எரு அதே வயலுக்குத் திரும்பினாலன்றி அது நிலத்துக்கு நஷ்டமே. பயிரை வயலிலேயே விட்டவருக்கு அந்த நஷ்டம் இல்லை. ஆகவே அடுத்தடுத்த இரண்டு வயல்களுக்கும் ஒரே மருந்து பொருந்தாது.

தழைச்சத்தோ மிகவும் சபல சித்தமுடையது. உலர்ந்து கிடந்த மண்ணின்மேல் முதல் மழை விழுந்தவுடன் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் திடீரென விழித்துக்கொண்டு, மக்கிய பொருள்களைச் சிதைத்துத் தழைச்சத்தை வெளிப்படுத்துகின்றன. கிழக்காப்பிரிக்காவில் பெர்ச் என்னும் அறிஞர் 1958-இல் இதனை ஆராய்ந்து எழுதினார். முதல் மழையில் முளைக்கும் பயிர் கரும்பச்சையாகத் தழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மானாவாரிப் புஞ்சைக்காரர் காலந்தாழ்த்தாது விதைத்தால் இந்தச் செல்வம் அவர் பயிருக்குக் கிடைக்கும். தாழ்த்தினால் களை உண்ணும், அல்லது பெருமழை அடித்துச் செல்லும். நஞ்சைக்காரருக்கோ இது கைகூடுவது அரிது. தரிசாக உலர்ந்து கிடந்த காலத்தில் சேர்ந்த இச்சத்து, வயலில் நீர் கட்டிச் சேறாக்கியவுடன் பெரும்பாலும் வாயுவாகி மறைந்துவிடுகின்றது. ஆதலால் நெல் நடுவோர் பழைய தழைச்சத்தை நம்பியிருத்தல் கூடாது.

இவ்வளவும் பொதுவிதி. நம் நிலத்தின் நிலைமையைப் பரீட்சைதான் சொல்லவேண்டும். நம் நாட்டில் விவசாயக் கல்வி இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1868-இல் சைதாப்பேட்டையில் ஏற்பட்ட விவசாயப் பள்ளிக்கூடம் 1906-இல் கோயமுத்தூருக்கு மாறி, கல்லூரியாக வளர்ந்து, 1971-இல் சர்வகலாசாலையாயிற்று. மண் பரிசோதனைச் சாலைகள் பல இடங்களில் இருக்கின்றன. 2015-இல் இந்திய அரசாங்கத்தார் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 குணங்களைப் பரிசோதித்து எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. வறட்சிக்கு முன் வாங்கிய அட்டையை இப்போது நம்புதல் தவறு. புதிதாக மண் எடுத்தல் வேண்டும்.

மண் எடுக்கும் முறையிலும் கவனம் தேவை. வரப்பு, மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றை நீக்கிவிட்டு, வயலின் பத்துப் பதினைந்து இடங்களில் மேற்குப்பையை அகற்றி, ஆங்கில ‘வி’ எழுத்துப்போல் குழி வெட்டி, நெல்லுக்கானால் 15 சென்டிமீட்டர், பருத்தி போன்ற ஆழவேர்ப் பயிருக்கானால் 22 சென்டிமீட்டர் ஆழம்வரை பக்கத்து மண்ணைச் சீவி எடுக்கவேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி நீக்கி அரைக்கிலோவாக்கி, நிழலில் உலர்த்தி, சுத்தமான துணிப்பையில் அனுப்புக. உரமூட்டைச் சாக்கில் மண் அனுப்புவது பரீட்சையைப் பொய்யாக்கும். எரிவெயிலில் கட்டிபட்ட களிமண்ணில் சாம்பல்சத்து உள்ளதிலும் குறைவாகத் தோன்றுவதுண்டு. கூடுமானால் ஒரு நல்ல மழைக்குப் பின், உரமிடுவதற்கு முன் எடுத்தல் நன்று.

பதில் வந்தபின் அதைப் படித்தறியவும் வேண்டும். ஹெக்டேர் ஒன்றுக்குக் கிடைக்கும் தழைச்சத்து 280 கிலோவுக்குக் கீழ், மணிச்சத்து 11 கிலோவுக்குக் கீழ், சாம்பல்சத்து 118 கிலோவுக்குக் கீழ் இருந்தால் குறைவு என்றும், முறையே 450, 22, 280 கிலோவுக்கு மேல் இருந்தால் மிகுதி என்றும் நம் நாட்டில் வகுத்திருக்கிறார்கள். மிகுதியென்று வந்த சத்துக்குப் பணம் செலவிடுவது, நிறைந்த குதிரில் நெல்லைக் கொட்டுவது போலாம். குறைவென்று வந்ததை விட்டுவிட்டு மற்றதை எவ்வளவு கொட்டினும் பயன் இல்லை.

இனி, அழிந்துபோனது யாது என்று பார்ப்போம். அது மண்ணின் உயிர். பயிரின்றி வெறுமையாய்க் கிடந்த நிலத்தில், வேரோடு கூடி வாழ்ந்து மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் பயிருக்கு ஊட்டும் நல்ல பூஞ்சைகள் அருகிவிடுகின்றன. அவரையினப் பயிர்களின் வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிர்களும் குறைகின்றன. இதற்கு மூட்டை உரம் மருந்தன்று. பயறு, உளுந்து, நிலக்கடலை விதைகளை ரைசோபியம் கலந்து விதைத்தலும், முதல் நீரில் தக்கைப்பூண்டு அல்லது சணப்பையை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதலும், நன்றாக மக்கிய தொழுவுரம் ஏக்கருக்கு 5 டன் இடுதலும் உத்தமம். மக்காத குப்பையை இட்டால் அதை மக்கச்செய்யும் நுண்ணுயிர்களே பயிருக்குள்ள தழைச்சத்தையும் உண்டுவிடும். ஏரோட்டுதலினும் எருவிடுதலை மேலாக மதித்தவர் நம் வள்ளுவர் என்பதை இங்கு நினைவூட்டுகிறேன்.

வறட்சியிலும் ஒரு நன்மையுண்டு. ஏரி குளங்கள் வற்றினால்தான் வண்டலை அள்ளமுடியும். 2017-இல் அரசாங்கத்தார் ஏரி குளங்களின் வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். மணற்பாங்கான நிலத்துக்கு வண்டல் அடித்தால் ஈரம் நிற்கும், சத்தும் நிற்கும். ஆனால் உவர் கலந்த வண்டலும் உண்டு. வண்டியோட்டும் முன் அதையும் பரீட்சை செய்யுங்கள். வறட்சியில் ஆழ்கிணற்று நீரைப் பாய்ச்சிய நிலங்களிலும் உப்புத் தங்கியிருக்கலாம். அங்கே முதல் பெருமழையை வரப்புக் கட்டித் தேக்கி, பின் வடித்துவிடுதல் முதல் வேலை. உரம் அதற்குப் பிற்பட்டதே. ஜிப்சம் களர்நிலத்துக்கே உரிய மருந்து, உவர்நிலத்துக்கு அன்று.

உரமிடும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். மணிச்சத்தை அடியுரமாக இடலாம். தழைச்சத்தை ஒருபோதும் ஒரே தவணையாக இடாதீர்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து ஏறக்குறைய 21 கிலோ உண்டு. மண்ணின்மேல் தூவி மூடாது விட்டால் அதில் ஒரு பங்கு காற்றோடு போய்விடக்கூடும். களையெடுத்து, ஈரம் பார்த்து, இரண்டு மூன்று தவணைகளாக இடுக. மழை மறுபடியும் நின்றுவிடினும் பிந்திய தவணைக்குரிய பணமாவது கையில் மிஞ்சும். கடன்பட்ட குடும்பத்துக்கு இது சிறு லாபமன்று.

மாடுகளைப்பற்றி ஓர் எச்சரிக்கை. வாடிய இளஞ்சோளமும், மழைக்குப் பின் அடித்தட்டையிலிருந்து துளிர்க்கும் சோளமும் கால்நடைக்கு நஞ்சு. வறட்சியைத் தாண்டிப் பிழைத்த மாட்டை முதல் மழையில் இழந்தவர்கள் உண்டு. மாடு போனால் எருவும் போயிற்று.

கனவான்களே! இவற்றைத் தனித்தனியே செய்வது கடினம். கூடிச் செய்வது எளிது. ஆகையால் இச்சபையின்முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன். ஒவ்வோர் ஊரிலும் உள்ள நம் அங்கத்தினர்கள் ஒரே நாளில் மண் எடுத்து, ஒரே வண்டியில் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புக. விவசாயம் படித்த நம் வாலிபர்கள் வந்த பதில்களைப் பெரியோர்க்குப் படித்து விளக்குக. பதிலையும், இட்ட உரத்தையும், கண்ட விளைவையும் ஒரு புஸ்தகத்தில் எழுதி வைக்க. அடுத்த வறட்சியில் நம் பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறந்த ஆஸ்தி வேறில்லை.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. உரத்துக்காக நகையைக் கேட்டு வந்தால் கொடுக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மண் பரிசோதித்த காகிதம் எங்கே என்று முதலில் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பல குடும்பங்களைக் காக்கும்.

மழை தவறாது பெய்க, நிலம் செழிக்க, குடிகள் கடனின்றி வாழ்க.